கருக்கரிவாள் பட்ட கம்பளம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக் கூடத்தில் நனைந்த ஆட்டின் வாடை அடிக்கும். ஆடு ஒன்றும் உள்ளே வந்திருக்காது; நடுக்கூடத்தில் விரித்துக் கிடந்த பாரசீகக் கம்பளம்தான் காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு அப்படி மூச்சுவிடும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு அதை "ஆட்டுப் பாய்" என்பாள். ஊரார் "ரத்தினக் கம்பளம்" என்றார்கள். அதை வாங்கி வந்த சித்தப்பா மட்டும், வீட்டு மனிதர் ஒருவரைச் சொல்வதுபோல, "பாரசீகம்" என்பார். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். அம்மா பார்க்காத நேரத்தில் குப்புறப் படுத்து, முகத்தை அதில் புதைத்து, அந்த வாடையை ஆசை தீர முகர்வேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்திலிருந்து வாய்க்கால் கரையோடு உள்ளே போனால் எங்கள் ஊர். நிலம் முழுவதும் அப்பா பெயரில் இருந்தது, அதை அப்பாதான் பார்த்துக்கொண்டார். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளாமல், எங்கே பழைய சாமான் விலைக்கு வருகிறது என்று விசாரித்துக்கொண்டு நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அலைந்தார். அப்பாவுக்கு அதில் எரிச்சல்தான், ஆனாலும் தம்பி சாப்பிட உட்காராமல் தான் இலையில் கை வைக்கமாட்டார்.

நாகூரில் கப்பல் வியாபாரம் செய்து நொடித்துப்போன ஒரு பெரியவர் வீட்டிலிருந்துதான் பாரசீகம் வந்தது. அவருடைய தாத்தா காலத்தில் பஸ்ராவிலிருந்து பாய்மரத்தில் ஏறி வந்ததாம். வாங்க வந்தவர்கள் எல்லாரும் பூவையும் கொடியையும் பார்த்து விலை கேட்டார்களாம். சித்தப்பா மட்டும் ஒரு மூலையைத் திருப்பி, மண்டியிட்டு, அடிப்பக்கத்து முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தாராம். "வந்தவங்க எல்லாம் முகத்தைப் பாத்தாங்க தம்பி, நீங்கதான் முதுகைப் பாத்தீங்க" என்று சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்காத பெரியவர் அதைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டாராம். இந்தக் கதையைச் சித்தப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அம்மா அடுப்படியிலிருந்து, "நம்ம தம்பிக்கு வர்ற பொண்ணையும் முதுகைத்தான் பாக்கச் சொல்லணும்" என்று கிண்டல் செய்வாள்.

எனக்கும் அவர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்லத்தான் ஆசை, ஆனால் நான் கேட்டதெல்லாம் பாதிதான். கம்பளத்தை ஒரு பக்கமாகத் தடவினால் சிவப்பு இருளும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் வெளுக்கும். அது போதும் எனக்கு, ஒரு மத்தியானம் முழுக்கத் தடவிக்கொண்டே இருப்பேன். நடுப்பகுதிக்குச் சற்று மேலே சிவப்பு திடீரென்று ஒரு சாயல் மாறும். நெய்தவரிடம் சாயம் தோய்த்த நூல் தீர்ந்து, புதிதாகத் தோய்த்து நெய்த இடம் அது என்பார் சித்தப்பா. குறை என்று சிலர் விலையைக் குறைப்பார்களாம், அவருக்கோ அந்த இடத்தைப் பார்க்காமல் பொழுது விடியாது.

தை மாதம் அறுப்பு முடிந்து வெயில் ஏறியதும் கம்பளத்தைக் களத்துக்குத் தூக்கிப் போய்த் தட்டுவது அஞ்சலையின் வேலை. அஞ்சலையும் அவள் புருஷனும் எங்கள் பண்ணையில் இருந்தார்கள்; வாய்க்காலுக்கு அப்பால் இருந்த "தெக்கு வெளி"யில் உழவு, நடவு, களை, அறுப்பு எல்லாம் அவர்கள் கைதான். தட்டி முடித்துத் தூசியோடு என்னைத் தூக்கி அதன்மேல் உருட்டிவிடுவாள். நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள், ஆனால் ஒரு நாளும் அதன்மேல் அவள் உட்கார்ந்ததில்லை. அது எனக்கு அப்போது விசித்திரமாகவே படவில்லை.

அந்த வருஷங்களில் கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. கடைத்தெருவில் ஒரு கொடி, வரப்பில் வேறொரு கொடி, கூலி நெல்லுக்காக அறுப்பு நின்றுபோன நாட்கள் வேறு. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். வரம்புக்கு மேலே இருப்பது "உபரி". உபரி, அதில் பாடுபட்டவர்களுக்குப் போகும். தெற்கு வெளி தங்களுக்குத்தான் என்று சங்கத்தில் சொன்னதாக அஞ்சலை என்னிடம் மெதுவாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் என்னைக் கூட்டிப்போய், அந்த வயலின் மூலையில் தான் ஊன்றியிருந்த ஒரு முருங்கைக் கொம்பையும் காட்டினாள். துளிர் விட்டிருந்தது. "ஐயாகிட்ட சொல்லிடாத பாப்பா" என்றாள். நான் சொல்லவில்லை.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்துவிட்டதாகக் காட்டுவது. தெற்கு வெளி சித்தப்பா பங்கு. விசாரிக்க அதிகாரி வரும்போது பிரிந்த வீடுபோல இருக்கவேண்டுமே. கொல்லைப்புறத்தில் சித்தப்பாவுக்கென்று ஓர் அடுப்புப் போட்டார்கள். அதை யாரும் மூட்டவே இல்லை. கூடத்தின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு. பித்தளைப் பாத்திரம், நெற்குதிர், மாடு எல்லாம் இரண்டு பங்கு. சித்தப்பாவுக்கு இதெல்லாம் நாடகம்போல வேடிக்கையாக இருந்தது. "அண்ணி, அடுத்த வீட்டுக்குக் கொஞ்சம் ரசம் குடுங்க" என்று கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று டம்ளரை நீட்டுவார்.

அதிகாரி வரும் நாள் காலையில் அவரை அழைத்துவரச் சித்தப்பா பாபநாசத்துக்குப் போயிருந்தார். அப்பா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், கூடத்தில் நின்றுவிட்டார். சுண்ணாம்புக் கோடு ஒரு பக்கம் கம்பளத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"எல்லாம் ரெண்டா இருக்கு, இது மட்டும் எப்படி ஒண்ணா கிடக்கும்?"

"சுருட்டிப் பரண்ல போட்டுடுங்களேன்" என்றாள் அம்மா.

"பரண்ல ஏறிப் பாத்தா?"

பெரிய பொய்யைச் சுமந்தவருக்கு அந்தச் சின்ன உண்மை பொறுக்கவில்லை போலிருக்கிறது. கொல்லையில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்து வந்தார். கதிர் அறுக்க அஞ்சலை வைத்திருந்தது அது. கம்பளத்தின் மேல் உட்கார்ந்திருந்த என்னை எழுந்திருக்கச் சொன்னார், எழுந்தேன். கம்பளத்தைக் குப்புறப் புரட்டி, ஒரு முனையை மிதித்துக்கொண்டு, மறுமுனையை இழுத்துப் பிடிக்க அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"சின்னய்யா வந்தா என்னங்க சொல்வாரு?" என்றாள் அஞ்சலை.

"நீ பிடி."

முடிச்சுகள் அறுபடும் சத்தம் நாற்றுப் பறிக்கும்போது வேர் அறுபடுமே, அப்படி இருந்தது. பாதி தூரம் போயிருக்கும்.

"அப்ப தெக்கு வெளி, ஐயா?"

"அது சின்னய்யாவுக்குப் பிரிச்சாச்சு. இனிமே அந்தப் பேச்சு கிடையாது. இழுத்துப் பிடி."

அவள் கை விட்டுவிட்டது. கம்பளம் தொய்ந்து, அரிவாள் ஒரு பக்கமாகச் சறுக்கியது. அப்பா ஏதோ கத்தினார். அவள் மறுபடி பிடித்துக்கொண்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன், கம்பளத்துக்காக. வேலை முடிந்ததும் அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "அழாத பாப்பா, அழாத" என்று என்னைத் தேற்றினாள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிற்பகலில் சித்தப்பா அதிகாரியோடு உள்ளே நுழைந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. ஒரு கணம் நின்றார். பிறகு, வேறு வழியில்லையே, தன் துண்டில் போய் உட்கார்ந்தார். அதிகாரி கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க, பிரிஞ்சாச்சு" என்றார். நல்ல மனிதர் அந்த அதிகாரி. எழுதவேண்டியதை எழுதி முடித்து, காபியைக் குடித்துக்கொண்டே கீழே பார்த்தவர், "அடடா, இதை எதுக்குங்க வெட்டினீங்க? கம்பளத்தையெல்லாம் யாருங்க பாக்கப்போறா?" என்றார்.

"பாகம்னா பாகம்தானுங்க" என்றார் சித்தப்பா, அப்பாவைப் பார்க்காமல்.

மறுநாள் காலையில் கொல்லைப்புறத்து அடுப்பிலிருந்து புகை வந்தது. சித்தப்பா தானே பொங்கிக்கொண்டிருந்தார். சோறு அடிப்பிடித்த வாசனை முற்றத்துக்கு வர, அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா அன்று இலை முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். தம்பியைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை, கடைசிவரை வரவில்லை. கொஞ்ச காலத்தில் சித்தப்பா தன் பாதிக் கம்பளத்தை மட்டும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நாகூருக்குப் போனார். நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட அவர் கேட்கவில்லை. அது அவர் பெயரில் இருந்தது, அப்பா கையில் இருந்தது, அதில் விளைந்ததில் நான் படித்தேன். அஞ்சலை ஊன்றிய முருங்கை மரமாகி, அதன் காய்கள் எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு வந்தன. சொல்லாதே என்றதால் கடைசிவரை நான் சொல்லவில்லை. ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருஷம் அஞ்சலையும் அவள் புருஷனும் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், தேடிப் பார்க்கவில்லை.

சித்தப்பா பாகம் அவர் காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்தது. அப்பா பாகம் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. கம்பளத்தின் இரண்டு துண்டையும் தஞ்சாவூரில் என் வீட்டில் சேர்த்துப் போட்டிருக்கிறேன். பழைய கம்பளம் பழுது பார்ப்பவர் ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அவரும் முதலில் முதுகைத்தான் பார்த்தார். "சேத்துடலாம்மா. ஆனா நடுவுல இந்த வளைவு இருக்கே, இதை நேரா வெட்டிட்டுத்தான் தைக்கணும். தச்சா தெரியவே தெரியாது" என்றார்.

தெரியவே தெரியாது என்றதும் அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கூடமும் கொல்லைப்புறத்து அடுப்பும் முருங்கையும் இன்று இல்லை. மழை நாளில் அதே ஆட்டு வாடை மட்டும் வருகிறது. அப்போது கீழே உட்கார்ந்து, அந்த வளைவை விரலால் தடவிப் பார்ப்பேன். அஞ்சலை கையை விட்ட இடம் அதுதான். வருகிறவர்கள் கம்பளத்தின் அழகைச் சொல்லி எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள், நானும் நாகூர்ப் பெரியவர் கதையைச் சொல்கிறேன். கம்பளம் விரித்துக் கிடக்கும் இந்த வீடு தெற்கு வெளியை மனை போட்டு விற்று வாங்கியது என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.