பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

நம்ப விரும்பாதவர்கள் இதை வெறும் கதையாகவே படித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது நடந்தது. கிறேஸ் மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். இல்லாததைச் சொல்லிப் பழக்கமில்லாதவர். 2008 மாசி 16, சனிக்கிழமை. நேரம் உட்பட அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு மூன்று மாதம் முந்தி கிறேஸின் கணவர் அம்புறோஸ் இறந்துபோனார். வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார். பிறகு எழும்பவில்லை. அன்று காலை இருவருக்கும் சண்டை. எதற்கென்றுகூட இப்போது கிறேஸுக்குச் சரியாக நினைவில்லை. 11.20க்கு அம்புறோஸின் தொலைபேசி இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கோபத்தில் கிறேஸ் எடுக்கவில்லை. 11.45க்கு வேறு யாரோ அழைத்துச் செய்தி சொன்னார்கள்.

அவர் என்ன சொல்ல அழைத்தார்? அந்த ஒரு கேள்வியோடுதான் கிறேஸ் மூன்று மாதமும் படுத்தார், எழும்பினார்.

அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு கடித உறை கிடைத்தது. கோடையில் வேலைத்தலச் சீட்டிழுப்பில் அம்புறோஸுக்கு விழுந்த பரிசு. லவாலைத் தாண்டி வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் மலைக்காட்டுக்குள் ஒரு யப்பானிய விடுதி. இரண்டு பேருக்கு ஓர் இரவு. பாய் விரித்த அறை, வெளியே பனிக்கு நடுவில் வெந்நீர்த் தடாகம். மாசி முடிவதற்குள் போகவேண்டும். கிறேஸ் அதைக் கிழித்துப்போடத்தான் நினைத்தார். அம்புறோஸின் அக்கா றோசா விடவில்லை. தம்பி ஆசையாக வைத்திருந்தது, நாங்கள் போவோம் என்று பிடிவாதமாக நின்றார்.

மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விடுதியை நடத்துகிறவர் ஒரு யப்பானிய அம்மா. அறுபது வயது இருக்கும். அன்று வேறு விருந்தினர் ஒருவரும் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னார். பருத்தி அங்கிகளைத் தந்து, குளிக்கும் முறையை விளக்கினார். உள்ளே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, உடுப்பு ஒன்றும் இல்லாமல் தடாகத்தில் இறங்கவேண்டும். கிறேஸ் இதைத் தமிழில் சொன்னதும் றோசா அங்கியை இழுத்து மூடிக்கொண்டார்.

"உடுப்பில்லாமலோ? என்னாலை ஏலாது. நீர் போயிட்டு வாரும்."

மூன்று மாதத்தில் முதல்தடவையாகக் கிறேஸுக்குச் சிரிப்பு வந்தது.

5.35. வெளிச்சம் போய்விட்டது. தடாகத்தில் கழுத்தளவு தண்ணீருக்குள் இருந்தார். கல்லெல்லாம் பனி. முகத்தை மூடும் ஆவி. எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகைச் சுவர். அதில் ஒரு சின்னக் கதவு, மரத் தாழ்ப்பாள். அந்தப் பக்கம் ஆண்கள் குளிக்கும் இடமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

5.42. சளக்...

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீருக்குள் இறங்கிய சத்தம்.

பிறகு ஓர் இருமல். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. பத்தொன்பது வருடம் பக்கத்துத் தலையணையில் கேட்ட இருமல்.

"தண்ணி சுடுதோ?"

அம்புறோஸின் குரல்.

கிறேஸுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஓம் என்றார். பிறகு மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்தது. சண்டையைச் சொன்னார். எடுக்காத அழைப்பைச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் தண்ணீர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல...

"அண்டைக்கு ஏன் போன் எடுத்தனீங்கள்? என்ன சொல்ல எடுத்தனீங்கள்?"

தண்ணீர் அசைவது நின்றது.

"இஞ்சாலை வாரும். சொல்லுறன்."

கிறேஸ் தண்ணீரை விட்டு எழும்பினார். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. குளிர் தெரியவில்லை. வெறுங்காலோடு பனியில் நடந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"கெதியா வாரும்... கிறேஸ்."

கை நின்றது.

அம்புறோஸ் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'இஞ்சேரும்'தான். சண்டையிலும் அதுதான்.

"கிறேஸ்..."

இப்போது மிகக் கிட்ட. பலகையில் வாய் வைத்துச் சொன்னதுபோல.

தாழ்ப்பாள் கைக்குள் அசைந்தது.

கிறேஸ் அசைக்கவில்லை.

ஓடினார்.

5.51.

அப்போதே திரும்பிவிட நினைத்தார். ஆனால் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மலைப்பாதையில் கார் ஓட்ட முடியாது. றோசாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் பெயரை எடுத்தால் அவர் தாங்கமாட்டார் என்று பயம். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தார்.

காலை 6.10க்குக் கண் விழித்தபோது றோசாவின் படுக்கை வெறுமையாக இருந்தது.

றோசா தடாகத்தடியில் நின்றார். மெல்லிய அங்கி. பனிக்குள் வெறுங்கால். காதைப் பலகைச் சுவரோடு வைத்தபடி...

"மச்சாள்..."

"காத்து வாங்க வந்தனான்," என்றார் றோசா. கால்விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நேற்று ஆண்கள் பக்கம் யார் குளித்தார்கள் என்று கிறேஸ் விடுதி அம்மாவைக் கேட்டார். அவர் தேநீர்க் கேத்திலைக் கீழே வைத்தார். ஆண்கள் குளிக்கும் இடம் வீட்டின் முன்பக்கம் என்றார். பிறகு இருவரையும் வெளியே கூட்டிக்கொண்டுபோய்ச் சுற்றி வந்து காட்டினார்.

சுவருக்குப் பின்னால் ஒரு பாதம் வைக்கும் அகலத்துக்குப் பாறை. அதற்கப்பால் பள்ளம். அடியில், அந்தக் குளிரிலும் உறையாமல் ஓடும் ஆறு. முன்பு அங்கே படிக்கட்டு இருந்ததாம். அது சரிந்த பிறகு கதவையும் தாழ்ப்பாளையும் சேர்த்து ஆணி அடித்துவிட்டார்களாம். நாலு ஆணி. நாலும் துருப்பிடித்து மரத்தோடு மரமாய் இருந்தன.

சில பேருக்குக் கேட்கும் என்றார் அந்த அம்மா. அவரவர் வீட்டில் செத்துப்போனவர்களின் குரல். தனக்கும் தாயின் குரல் கேட்கிறது, அதனால் அந்தச் சுவரை இடிக்க மனம் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கினார்.

றோசாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. காரில் ஏறியதும், அந்த மனிசி என்ன சொன்னவ என்று கேட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று கிறேஸ் எல்லாவற்றையும் சொன்னார். அம்புறோஸின் குரல், தாழ்ப்பாள், விடுதி அம்மா சொன்னது. லவால் கழிந்து பாலத்தில் ஏறும்போது நேரம் 12.15. அப்போதுதான் றோசா வாய் திறந்தார்.

"செத்தவையின்ரை குரல் மட்டுந்தானோ கேக்குமாம்?"

"ஓம் மச்சாள். அப்பிடித்தான் சொன்னவ."

றோசா யன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குக் கேட்டது தம்பியின்ரை குரல் இல்லை. டனிஸ்ரன்ரை குரல்."

டனிஸ்ரன் றோசாவின் ஒரே மகன். பிள்ளையாகக் கணக்கெடுக்கும் வயதைத் தாண்டிவிட்டதால் தாயோடு சேர்த்துக் கனடாவுக்குக் கூப்பிட முடியாமல் மன்னாரில் தங்கிவிட்டவன். போர் நடந்துகொண்டிருந்த 2007 ஐப்பசியில் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. உடலும் இல்லை, தகவலும் இல்லை. எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள், விடுவார்கள் என்றுதான் றோசா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, குளிருது எண்டவன்," என்றார் றோசா. "நான் அங்கை நிண்ட நேரமெல்லாம் அதைத்தான் சொன்னவன்."

அந்த மனிசி சும்மா ஏதோ கதைக்கிறா, நம்பவேண்டாம் என்று கிறேஸ் எவ்வளவோ சொன்னார். றோசா ஓம் ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் றோசா குருவானவரிடம் போனார். இறந்தவர்களுக்காகச் செபிக்கும் பட்டியலைக் கேட்டு வாங்கி, தம்பியின் பெயருக்குக் கீழே மகனின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

மன்னாரிலிருந்து இன்றுவரை ஒரு தகவலும் வரவில்லை.