தில்லை விதை தேடிப் போனோம்

அண்ணாமலை நகரில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, ராத்திரி சப்பாத்தி. நான் தாவரவியல் படித்தவள் என்று சொன்னால் சாப்பிட வரும் பையன்கள் சிரிப்பார்கள். அந்தப் படிப்பில் மிச்சமிருந்தது ஒரு சிநேகிதம் மட்டும்தான். என்கூடப் படித்தவள், லால்பேட்டைக்காரி, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்துவிடுவாள். மதியப் பந்தி முடிந்ததும் இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

என் வீட்டுக்காரரின் தங்கை, சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்புத்தண்ணி ஏறி இறங்குகிற ஒரு ஓடைக்கரைக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊர் வார்டு மெம்பரும் அவள்தான். ஓடைக்கரை முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்து, ஜேசிபி வேரோடு பிடுங்கிப் போட்டது. நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஐப்பசி மழையில், பிடிமானம் இல்லாத கரை சோற்றுக்கட்டி மாதிரி கரைந்தது. கரையை ஒட்டிய வயல்களுக்குள் உப்புத்தண்ணி புகுந்தது. அவள் வயலும் அதில் ஒன்று.

"அண்ணி, நீங்க படிச்சவங்கதானே. அந்தக் கரையில என்ன மரம் நிக்கும்னு சொல்லுங்க" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தோழியிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் "தில்லை" என்றாள். உப்பும் நல்லதண்ணியும் கலக்கிற விளிம்பில் நிற்கிற மரம் அது. வேர் பரப்பி சேற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். சிதம்பரத்துக்கே தில்லை என்றுதான் பெயர். தில்லை மெடிக்கல், தில்லை டிராவல்ஸ் என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிறது. மரம் மட்டும் ஊருக்குள் கண்ணில் படாது. பிச்சாவரம் காப்புக்காட்டுக்குள்தான் பார்க்க வேண்டும்.

நர்சரிகளில் விசாரித்தோம். எங்கேயும் இல்லை. அதன் பால் பட்டால் கண் போய்விடும், அதை யார் வளர்ப்பார்கள் என்று ஒரே பதில்தான் வந்தது. அப்படியென்றால் விதையை நாங்களே எடுக்க வேண்டும், அதுவும் காப்புக்காட்டிலிருந்து.

அந்தச் சரகத்துக்கு அப்போது ஒரு பெண் ரேஞ்சர் இருந்தார். முதல் தடவை போனபோது காட்டிலிருந்து ஒரு இலையைக்கூட வெளியே விட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை என் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனோம். அவள் செல்போனில் கரை சரிந்து கிடந்ததைக் காட்டினாள். ரேஞ்சர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். ஆடு மாடு கன்றை மிதித்தால் என்ன செய்வீர்கள், வெயில் காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். மேலே எழுதி அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கூடவே வனக்காவலர் ஒருவரையும் அனுப்பினார்.

"ஒரே மரத்துல வழிச்சு எடுக்காதீங்க. மரத்துக்கு மரம் கொஞ்சம். மிச்சம் தண்ணியில விழணும், அது காட்டோட பங்கு" என்றார்.

முதல் வருஷம் நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. படகுக்கு ஒரு அண்ணன் கிடைத்தார், கிள்ளைப் பக்கத்துக்காரர். அவர் காட்டிய வாய்க்காலில் தில்லை வரிசையாக நின்றது. பூ மஞ்சள் சரமாகத் தொங்கியது, தேனீ மொய்த்தது. இதோ காய்க்கப் போகிறது என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தோம். பூ கொட்டியதே தவிர காயைக் காணோம். ஒருநாள் தோழி ஒரு சரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். தில்லையில் ஆண் வேறு, பெண் வேறு. நாங்கள் காத்துக் கிடந்த வாய்க்கால் முழுக்க ஆண் மரம். இரண்டு பேரும் பரீட்சைக்குப் படித்த பாடம்தான் அது.

படகுக்காரருக்கு விளக்கிச் சொன்னோம். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப இத்தினி நாளா மாப்பிள்ளை வீட்டுல போயி பொண்ணு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். வனக்காவலர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

பெண் மரங்களை வேறொரு வாய்க்காலில் கண்டுபிடித்தபோது காயெல்லாம் வெடித்து முடிந்திருந்தது. தில்லைக் காய் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று பிளவாக இருக்கும். முற்றிக் காய்ந்ததும் பட்டென்று வெடித்து விதையைத் தண்ணியில் வீசிவிடும். பிறகு தேடி எடுப்பது முடியாத காரியம். ஒரு வருஷம் போயிற்று.

அடுத்த வருஷம் காய் பச்சையாக இருக்கும்போதே போய்விட்டோம். மெஸ்ஸிலிருந்த பழைய இட்லித் துணிகளைப் பையாகத் தைத்து எடுத்துக்கொண்டேன். காய்க்கொத்தைப் பைக்குள் விட்டு வாயைக் கட்டிவிட்டால் வெடிக்கிற விதை பைக்குள்ளேயே கிடக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை, நீச்சல் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு நாங்கள் படகில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, எதிரே வந்த சுற்றுலாப் படகிலிருந்தவர்கள் எங்களைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

பைகளைக் கழற்றப் போன அன்றுதான் அது நடந்தது. வேலை முடிந்துவிட்டது என்று தோழி வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். படகு ஆடியது, அவள் சட்டென்று ஒரு கிளையைப் பிடித்தாள், ஒரு சிம்பு ஒடிந்தது. வெள்ளையாக ஒரு சொட்டு இடது கண்ணில் விழுந்தது. அவள் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி" என்று மட்டும் சொன்னாள். குடிக்க வைத்திருந்த தண்ணியையெல்லாம் ஊற்றிக் கழுவினேன். படகுக்காரர் கரைக்கு வந்து சேர்ந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அவள் வீட்டுக்காரர் லால்பேட்டையிலிருந்து ஓடி வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. போதும், இதோடு விட்டுவிடலாம் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"பையெல்லாம் எங்கடி?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த வண்டியிலேயே கிடக்கிறது என்றேன்.

"இங்க உக்காந்து என்ன பண்ற? அது நாளாயிட்டா முளைக்காதுடி. பால் பட்டது என் கண்ணுலதானே, விதையிலயா? எழுந்து போ."

போனேன். வெடிக்காத காயும் பைகளில் நிறைய இருந்தது. காயட்டும் என்று மெஸ் மாடியில் பாயை விரித்துப் பரப்பினேன். மறுநாள் வெயில் ஏறியதும் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. மேலே துணி போட மறந்துவிட்டேன். மாடி பூராவும் விதை சிதறிக் கிடந்தது. சாப்பிட வந்த பையன்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கைகழுவிய ஈரத்தோடு மாடியேறி, முட்டிபோட்டு, மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பொறுக்கினார்கள். ஒருத்தன் தண்ணித் தொட்டிக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒரு பிடி எடுத்து வந்தான்.

மெஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த பால் கவரில் ஓடைச் சேறும் மணலும் கலந்து நிரப்பி விதை ஊன்றினேன். கண் கட்டைப் பிரித்தபோது நான் தோழி பக்கத்தில் நின்றேன். டாக்டர் விரலைக் காட்டினார். அவள் அதை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஏன்டி, தலை வாரல?" என்றாள். அவள் வீட்டுக்காரர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வாரமே பால் கவர்களில் முளை தலை காட்டியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கவர் கவராக.

கன்று முழ உயரம் வந்து நடப் போனபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. கண்ணைப் பறிக்கிற மரத்தை ஊருக்குள் கொண்டுவருகிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிற இடம், மாடு மேய்கிற இடம் என்று பேச்சு. ஊர்க் கூட்டத்தில் என் நாத்தனார் பேசியது எடுபடவில்லை. அப்போது தோழி எழுந்து முன்னால் போனாள். வகுப்பில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"அந்தப் பால் பட்டது என் கண்ணுலதான். மூணு நாள் அந்தக் கண்ணு தெரியல. பொய் சொல்ல மாட்டேன், அது பொல்லாத பால்தான். ஆனா கிளையை ஒடிச்சாத்தான் பால் வரும். இந்த மரத்தை ஆடு தின்னாது, அடுப்புக்கு யாரும் வெட்ட மாட்டாங்க. யாரும் கை வைக்காத மரம்தான் உங்க கரைக்கு வேணும். பிள்ளைங்களுக்கு நான் வந்து சொல்லித் தர்றேன்."

முன்னால் இருந்தவர்கள் அவள் கண்ணை எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு அம்மா, நடுகிற அன்றைக்கு ஊரே மண்வெட்டியோடு வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்றார். அப்படித்தான் முடிந்தது. தோழி சொன்னபடி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், மரத்தைத் தொடலாம், ஒடிக்கக் கூடாது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஊரில் ஒருவர் கண்ணிலும் பால் படவில்லை.

கோடையில் கொஞ்சம் கன்று கருகியது, அங்கெல்லாம் மறுபடியும் நட்டோம். மற்றது பிடித்துக்கொண்டது. ஆள் உயரம் தாண்டியிருந்த சமயத்தில் ஒரு கார்த்திகையில் விடாமல் மழை பெய்தது. மேற்கேயிருந்து வெள்ளம், கிழக்கேயிருந்து கடல் ஏற்றம். மெஸ்ஸில் முழங்கால் தண்ணி. விடிந்ததும் நாத்தனார் போன் செய்தாள். மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது. "அண்ணி, கரை நிக்குது" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. தில்லை இல்லாத இடத்திலெல்லாம் அடுத்த ஊர் வரைக்கும் கரை உடைந்திருந்தது. எங்கள் தில்லை நின்ற இடத்தில் ஒரு முழம்கூடச் சரியவில்லை. அந்த வருஷம் அவள் வயலில் நெல் முழுசாகக் களத்துக்கு வந்தது. புது அரிசியில் பொங்கல் வைத்து மெஸ் பையன்களுக்கெல்லாம் போட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் மனதுக்குள் ஒரு பயம் மட்டும் இருந்தது. கன்றாக இருக்கும்போது ஆண் எது, பெண் எது என்று தெரியாது. எல்லாம் ஆணாகப் போய்விட்டால் இந்தக் கூட்டம் தானாகப் பெருகாது. முதலில் பூத்த மரம் ஆண். இரண்டாவதும் ஆண். தோழி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெஸ்ஸுக்கு வராமல் நேரே ஓடைக்கரைக்குப் போனாள். ஒருநாள் மதியம், சாம்பார் வாளியோடு நான் பந்தியில் நிற்கும்போது படம் அனுப்பினாள். குட்டையான சரம், நுனி மூன்றாகப் பிரிந்த பெண் பூ. வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பையன்களுக்குச் சுற்றுக்கு விட்டேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள். அதற்கடுத்த மழையில் ஓடையின் கீழ்ப்பக்கம், நாங்கள் நடாத இடத்தில், தானாக முளைத்த தில்லை நின்றது.

அந்த ரேஞ்சர் மாற்றலாகிக் கடலூர் போயிருந்தார். போன வருஷம் அவரே போன் செய்தார். தேவனாம்பட்டினத்துப் பக்கம் கழிமுகக் கரையில் தில்லை வைக்கலாம் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், காப்புக்காட்டில் கை வைக்காமல் உங்கள் கரையிலிருந்தே விதை கிடைக்குமா என்றார். எங்களிடம் அனுமதி கேட்கிற இடத்துக்கு அவர் வந்துவிட்டாரே என்று தோழி போனிலேயே கிண்டல் செய்தாள். அவரும் சிரித்தார்.

அந்த விதையிலிருந்து மெஸ் மாடியில் வளர்த்த கன்றுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். படகு கட்டுகிற இடத்துக்கு மேற்கே, சுனாமியில் வீடு போன குடும்பங்களின் பெண்கள் வரிசையாக நின்று கன்றைக் கை மாற்றிக் கை மாற்றிச் சேற்றுக்கு இறக்கினார்கள். தில்லைப் பால் பற்றித் தோழி முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். வெயில் சாய்வதற்குள் கரை நெடுக நட்டு முடித்தோம். சுடுசோறும் சங்கரா மீன் குழம்பும் போட்டு எங்களை அனுப்பினார்கள்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறும்போது இரண்டு பேர் உடுப்பிலும் முழங்கால் வரை சேறு. சீட்டில் உட்காரலாமா என்று நான் தயங்கி நின்றேன். கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்து, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

"தில்லை நட்டுட்டு வர்றோம்" என்றாள் தோழி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்து, எனக்கும் இடம் பிடித்தாள்.