பதினாறு கோருக்கு ஒரு முழம் கதம்பம்

மணிமொழி அக்காவின் ஆபீஸ் அரியலூரில் ஒரு உரக்கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே மூக்கில் உர வாசம் ஏறும். கதவைத் திறந்தால் ஒரே அறை. சுவரில் முருகன் படம். பக்கத்திலேயே அதே அளவில் சட்டம் போட்டு மாட்டிய முதல் பட்டதாரிச் சான்றிதழ்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டேன், "ஏங்க்கா, டிகிரிய மாட்டாம தாசில்தார் குடுத்த இந்தப் பேப்பர மாட்டியிருக்கீங்க?"

"டிகிரிய யார் வேணா வாங்கலாம் இளவரசா. இது ஒரு வூட்டுக்கு ஒரு தடவதான் கெடைக்கும்."

குரும்பலூரில் எங்கள் வீட்டில் என்னுடைய சான்றிதழ் துணிக்கு அடியில் கிடந்தது. அடுத்த வாரமே நானும் சட்டம் போட்டுவிட்டேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் ரெட்டிபாளையம். அப்பா பழனிவேல் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறவர். அம்மா சாந்தா. சிமென்ட் தூசியில் துணி காயப்போட்டால் எந்த நிறமும் சாம்பல் நிறமாகத்தான் திரும்பி வரும் என்று அக்கா சொல்லும். அங்கிருந்து தினமும் பஸ் மாறி மாறி பெரம்பலூர் வந்து இன்ஜினியரிங் படித்தது. படித்து முடித்ததும் சென்னையில் வேலை கிடைத்தது. போனது. கொஞ்ச காலத்தில் திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: "எங்க ஊர்ப் பள்ளத்தைத்தான் அங்க ஏசி ரூம்ல ஒக்காந்து அளந்துகிட்டு இருந்தேன். அத இங்கயே ஒக்காந்து அளந்தா என்னா?"

வேலை இதுதான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு மேலே நான் ட்ரோன் பறக்கவிட்டு ஆயிரக்கணக்கில் படம் எடுப்பேன். அக்கா அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று பொருத்தி, சுரங்கத்தை அப்படியே திரையில் எழுப்பிவிடும். பள்ளம், மேடு, லாரிப் பாதை எல்லாம் இருக்கும். போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் எவ்வளவு கல் வெட்டியிருக்கிறார்கள் என்று அதில் அளந்துவிடலாம். கல் உடைக்கும் சின்னக் கிரஷர்காரர்களுக்கு இதைச் செய்துகொண்டிருந்தோம். பெரிய சுரங்கத்தின் காண்ட்ராக்ட் கம்பெனி மட்டும் சென்னைக்குத்தான் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனியின் சர்வே மேனேஜர் நடராசன். அவரிடம் போய் நின்றோம்.

"இதெல்லாம் இங்க பண்ற வேலையாம்மா? மெஷின் வேணும், கூலிங் வேணும். அரியலூர் வெயிலுக்கு மனுசனே தாங்க மாட்டேங்கிறான்."

"சார் எந்த ஊரு?" என்று கேட்டது அக்கா.

"உடையார்பாளையம். ஏன்?"

"நீங்க தாங்குறீங்கள்ல சார், மெஷினும் தாங்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை படம் எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்கு முன்னால் முழு சுரங்கமும் அளவோடு அவர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கம்போல சென்னைதான், இனிமேல் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு வரக்கூடாது.

"முடிக்கலன்னா நான் ஆபீஸ் போர்டையே கழட்டிடறேன் சார். நீங்க சொல்ல வேணாம்," என்றது அக்கா. அது வாய்ச்சவடால் இல்லை. சென்னையிலிருந்து அந்தப் பழைய கம்பெனி அக்காவை மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கிரஷர்காரர்கள் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு மாடி வாடகை கட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

பழைய கம்ப்யூட்டரில் அவ்வளவு படத்தையும் போட்டால் பொங்கல் வரை ஓடும். அதனால்தான் கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி ஒரு புது பிராசஸர் வந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் பார்சல் போட்டார்கள், பெரம்பலூர் நாலு ரோட்டில் போய் நின்று வாங்கி வந்தோம். அக்கா வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தது.

பிரித்தபோது அக்காவின் அப்பா வந்திருந்தார். தீப்பெட்டியைவிடச் சின்ன சதுரம். மேலே வெள்ளி மாதிரி மூடி.

"இத்தனூண்டு பில்லையா? இது எத்தன எச்.பி. பாப்பா?"

"நூத்தி எழுவது வாட்டுப்பா. கால் எச்.பி. கூட வராது."

"கால் எச்.பி. மோட்டாருக்கா ரெண்டு பேரும் நாலு ரோடு வரைக்கும் போயிட்டு வந்தீங்க?"

"உள்ள பதினாறு கோர் இருக்குப்பா. பதினாறு ஆளு. ஒவ்வொரு ஆளும் ஒரே நேரத்துல ரெண்டு வேல பாப்பான். ஆக முப்பத்திரண்டு."

"கூலி ஒருத்தனுக்குத்தான?"

"ஆமா."

"முதலாளி புத்தி வந்துடுச்சு உனக்கு," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த 5.7 கிகாஹெர்ட்ஸ்தான் கண்ணை இழுத்தது. அதைச் சொன்னேன். அக்கா உதட்டைப் பிதுக்கியது.

"அது ஃப்ளெக்ஸ் போர்டுல பேருக்கு முன்னாடி போடுற பட்டம் மாதிரி. ஒரே ஒரு கோர் கொஞ்ச நேரம் எம்பிக் காட்டுற உசரம் அது. பதினாறும் சேந்து நாள் முழுக்க ஓடுனா அந்த வேகம் நிக்காது. அத பெருசா போட மாட்டான். நமக்கு வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, நூத்தி எழுவது வாட்டு. அவ்வளவு சூட்ட நாம வெளிய தள்ளணும். இன்னொண்ணு, தொண்ணூத்தஞ்சு டிகிரி. அதுக்கு மேல சூடாக வுடாது, தானே வேகத்தக் கொறச்சுக்கும். எரிஞ்சு போவாது. ஆனா நடக்க ஆரம்பிச்சிடும்."

அந்தச் சூட்டைத் தள்ளுவதற்கு ஒரு கூலர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோபுரம் மாதிரி அலுமினியத் தகடுகள், இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு ஃபேன். வெயிலுக்குப் பயந்து அக்கா கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கக் கதவை மாட்டவே இல்லை. திறந்தபடியே விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை படங்களோடு நான் திரும்பி வந்தபோது சாந்தா அம்மா பூஜையை முடித்திருந்தார். முதல் வேலை, அதுவும் வெள்ளிக்கிழமை. டிப்பருக்குப் போடுகிற மாதிரியே கேபினெட் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே ஒரு முழம் கதம்பம் குறுக்காகப் போட்டு, இரண்டு நுனியும் இரண்டு பக்கமும் தொங்கியது. அக்கா படங்களை ஏற்றிவிட்டு ஓடவிட்டது. பதினாறு கோரும் நூறு சதவீதம். திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்து சாந்தா அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அவரே வந்து, வாடிய பூ சாமான் மேல் இருக்கக்கூடாது என்று எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் வந்து பார்த்தபோது பச்சைக் கோடு கிட்டத்தட்ட நின்றிருந்தது. வெப்பம் தொண்ணூற்றைந்து. வேகம் அட்டையில் போட்டதில் பாதிகூட இல்லை. முடிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று திரையில் காட்டிய கணக்கு திங்கட்கிழமையைத் தாண்டிப் போயிருந்தது.

பிராசஸர் அனுப்பிய சென்னைக் கடைக்காரருக்கு அக்கா ஸ்பீக்கரில் போன் போட்டது.

"ரூம்ல ஏசி இருக்கா மேடம்?"

"இல்லைங்க."

"இல்லையா? அது ஹை எண்ட் ஐட்டம் மேடம். அந்த மாதிரி ஊருக்கெல்லாம் சின்னதா ஒண்ணு வாங்கியிருக்கலாமே. திருப்பி அனுப்புங்க, பாத்து மாத்தித் தரேன்."

"ஊருக்கு என்னாங்க வந்துச்சு? நேத்து இதே ஊர்லதான நல்லா ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

நேரம் பார்த்து நடராசன் சார் படியேறி வந்தார். பக்கத்தில் ஏதோ வேலையாக வந்தாராம். திரையைப் பார்த்தார், சந்தனப் பொட்டைப் பார்த்தார், சுவரில் சான்றிதழைப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டா? நல்லது. ஆனா இதுக்கெல்லாம் கோட்டா கெடையாதும்மா."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தியது.

"கோட்டா கேக்கல சார். திங்கக்கெழம காலைலதான கேட்டீங்க? இன்னிக்கு சனிக்கெழம. நீங்க சீக்கிரமா வந்துட்டீங்க."

"சென்னைக்கு இப்பவே அனுப்பிடவா? எனக்கு மீட்டிங் முக்கியம்."

"அனுப்புனா இனிமே நான் ஒங்க வாசலுக்கு வர மாட்டேன். அனுப்பலன்னா திங்கக்கெழம நீங்க இங்க வருவீங்க."

அவர் போன பிறகு அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை. கேபினெட் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தது. மறுபடி வைத்துப் பார்த்தது.

"இளவரசா, இங்க கைய வையி."

வைத்தேன். காற்று வந்தது. சூடாகவே இல்லை.

"உள்ள தொண்ணூத்தஞ்சு டிகிரி. வெளிய வர்ற காத்து சூடா இல்ல. அப்ப வெயிலு மேல என்னா தப்பு? சூடு உள்ளயே நிக்கிது."

மிஷினை நிறுத்தச் சொல்லி, செல்போன் டார்ச்சை இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் அடித்தது. ஃபேனின் நடுக்குமிழைச் சுற்றி வாழைநார் இறுக்கமாகச் சுற்றிக்கிடந்தது. அதில் ஒரு மரிக்கொழுந்துக் காம்பும், நசுங்கிய கனகாம்பரமும். வாடிய சரத்தை சாந்தா அம்மா இழுத்தபோது நார் அறுந்து, தொங்கிய நுனி திறந்திருந்த பக்கம் வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. கேபினெட்டில் மற்ற ஃபேன்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் இது நின்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

நாரை அறுத்து எடுக்கும்போது ஒரு இறக்கை முறிந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் தடதடவென்று தகட்டில் அடித்தது. அந்த அளவு ஃபேன் அரியலூரில் இல்லை. பெரம்பலூரில் தெரிந்த கடைக்கெல்லாம் போன் பண்ணிக் கேட்டேன், இல்லை. சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தாலும், வந்து மாட்டுவதற்குள் மிச்சமிருக்கும் நேரம் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து சாப்பாட்டுத் தூக்கோடு சாந்தா அம்மா உள்ளே வந்தார். என் கையில் இருந்த நாரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தூக்கைக் கீழே வைத்தார்.

"நான்தான் கெடுத்துட்டனா பாப்பா? படிச்ச புள்ள பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டனா?"

"யம்மா, அழுவாத. வூட்டுல டேபிள் ஃபேன் இருக்குல்ல? அப்பாவ எடுத்துட்டு வரச் சொல்லு."

ஒடிந்த ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டு, அக்கா மிஷினின் செட்டிங்ஸுக்குள் போனது. நூற்றெழுபது என்று இருந்த மின்சார அளவை நூற்றைந்துக்கு இறக்கியது.

"அக்கா, இருக்குறதே பத்தல. இன்னும் கொறைக்கிறீங்க?"

"கடைசி அறுவது எழுவது வாட்டு இருக்கு பாரு, அது பந்தயத்துல ஜெயிக்கறதுக்கு வச்சிருக்கான். அதக் கொறச்சா சூடு நெறையக் கொறையும், வேகம் கொஞ்சூண்டுதான் கொறையும். எனக்குப் பந்தயம் வேணாம். முழுசா ஓடி முடிக்கணும்."

பழனிவேல் அப்பா டேபிள் ஃபேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று செங்கல்லை அடுக்கி, திறந்திருந்த பக்கவாட்டில் கோபுரத்துக்கு நேராக நிறுத்தினோம். ஓடவிட்டதும் சாந்தா அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூரப் போய் நின்றார். வெப்பம் எண்பத்திரண்டில் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. பதினாறு கோரும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தன. வேகம் வெள்ளிக்கிழமை இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

"ஏசியில ஓட வேண்டியதுக்கு நம்ம வூட்டு டேபிள் ஃபேனு," என்றார் அப்பா. "கால் எச்.பி.யக் கூட இப்ப கொறச்சிட்டியாமே?"

"ஆமாப்பா. நீங்க மட்டும் எறக்கத்துல முழு ஆக்சிலேட்டர மிதிச்சிகிட்டா லாரி ஓட்டுறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கத்தாமல் தாங்கியது. நூற்றெழுபதாக இருந்திருந்தால் தாங்கியிருக்காது. அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கியது.

திங்கட்கிழமை காலை நாங்கள் அனுப்புவதற்கு முன்பே நடராசன் சார் வந்துவிட்டார். திரையில் சுரங்கம் முழுசாக எழும்பி நின்றது. அவர் மௌஸை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தரையில் அவர்கள் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த குறிக்கற்களை எங்கள் அளவோடு ஒத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. இந்த மாசம் பண்ணுங்க, அப்பறம் பாக்கலாம்."

"அப்பறம் பாக்கறதுக்கு நான் பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு காபி குடுக்கல சார். வருசத்துக்குன்னு எழுதிக் குடுங்க."

நடராசன் சார் முதல் முறையாகச் சிரித்தார்.

"மீட்டிங் முடிஞ்சதும் அனுப்புறேன். இந்தச் செங்கல்லு, பொட்டு எல்லாத்தையும் எடுத்துடும்மா. ஹெட் ஆபீஸ்லேருந்து வந்தா சிரிப்பாங்க."

"புது ஃபேன் வந்ததும் செங்கல்ல எடுத்துடறேன் சார். பொட்ட எடுக்க மாட்டேன். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு அளவ வாங்கிட்டுப் போவட்டும்."

அன்று மாலையே ஒப்பந்தம் வந்தது. ஒரு வருசத்துக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை சாந்தா அம்மா வெறும் கையோடு வந்தார். அந்த மிஷின் பக்கம் பூவையே கொண்டுவரப் போவதில்லை என்று முருகன் முன்னால் சொல்லிவிட்டாராம். அக்கா மேசைக்கு முன்பக்கம், ஃபேனுக்கு எட்டாத இடமாகப் பார்த்து ஒரு கொக்கியைத் திருகியது. பிறகு கீழே இறங்கிப் போய் உரக்கடை வாசலில் இருக்கும் பூக்காரம்மாவிடம் கேட்டது.

"கதம்பம் ஒரு மொழம் குடுங்க."

"தலைக்கா, சாமிக்கா?"

"ரெண்டுக்கும் இல்லைங்க. மேல பதினாறு ஆளு வேல செய்யிறான், அவனுங்களுக்கு."

பூக்காரம்மா மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "ஒரு மொழம் எப்புடி பத்தும்?" என்று சொல்லிக்கொண்டே முழங்கையை நீட்டி அளந்தார்.