நாலாம் மாடிக்குப் பின்வளவு

ஈரச் சுவரை எப்படி மறைப்பது என்று இப்போதும் யாராவது கேட்டால் சொல்லித் தருவேன். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, யன்னல்களைத் திறந்துவைத்து நாலு நாள் காயவிட வேண்டும். பிறகு இளமஞ்சள் அடிக்க வேண்டும். வெள்ளை அடித்தால் ஆறு மாதத்தில் ஈரம் எட்டிப் பார்க்கும். மஞ்சள் ஒரு வருடம் தாங்கும். விற்கிறவனுக்கு ஒரு வருடம் தாராளம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் செய்த தொழில் இது. கல்முனைப் பிரதான வீதியில், ஒரு பிடவைக் கடைக்கு மேலே, ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் போட்ட அறைதான் என் கந்தோர். கொழும்பில் பழைய தொடர்மாடிகளில் ஒன்றிரண்டு வீடுகளைச் சல்லிசாக வாங்குவேன். குளியலறைக்கு டைல்ஸ், சமையலறைக்கு அலுமினிய யன்னல், சுவருக்கு இளமஞ்சள். கூடத்தில் நாலு குரோட்டன் சாடிகள் வைப்பேன். வீடு விற்றதும் சாடிகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். என்னிடம் வீடு வாங்கிய அத்தனை பேரும் அதே நாலு செடிகளைப் பார்த்துத்தான் மயங்கினார்கள்.

வாங்குகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்தான். வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவர்கள், யுத்தத்தால் ஊரில் எந்த நேரம் என்ன நடக்குமோ என்று பயந்தவர்கள், கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளைக்கு மகளைக் கொடுக்கிறவர்கள். முகத்துக்கு முன்னால் என்னை 'முதலாளி' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கொழும்பு புரோக்கர்'. இரண்டும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்தவரைக் கெடுத்தவன். ஈரச் சுவர்களுக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. வருந்துவது ஒரு ராத்தாவுக்காக. அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, கடற்கரைப் பக்கம் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் மௌத்தாகி ஏழெட்டு வருடம். ஒரே ஒரு மகள். ஓட்டு வீடு, மணல் வளவு, நாலு தென்னை, ஒரு கிணறு, பின்னால் சமையலுக்குத் தனியாக ஒரு குசினி.

அந்தக் குசினியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பெயரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதாமல் நிக்காஹ் நடக்காது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அவர் வந்ததும் தாய் தன் பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவாள். அங்கே குசினி இருந்தால் குசினி, இல்லாவிட்டால் ஓர் அறை கட்டிக்கொள்வாள். மருமகன் முன்வாசலால் வரும்போது மாமி பின்பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். பேரப்பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே ஓடித் திரிவார்கள். யாரும் யாரையும் வெளியே அனுப்பியதாக நினைப்பதில்லை. ராத்தாவின் உம்மா அப்படித்தான் அந்தக் குசினியில் கடைசிவரை இருந்தார். தன் முறை வரும்போது தானும் அப்படித்தான் என்பதில் ராத்தாவுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

மகளுக்குப் பேசி வந்த மாப்பிள்ளை எங்கள் ஊர்ப் பொடியன், கொழும்பில் எஞ்சினியர். அவர் பக்கத்தார் கேட்டது கொழும்பில் ஒரு வீடு. ராத்தா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு என் கந்தோருக்கு வந்தார். தம்பி வயல்காரர், பேச்சுக் குறைவு.

"ஊர் ஊட்ட வித்துத்தான் எடுக்கணும் தம்பி," என்றார் ராத்தா என்னிடம். "வேற என்னத்த வெச்சி எடுக்கிற?"

"அதப்பத்தி யோசிக்காதீங்க ராத்தா. விக்கிறதும் என்ட பொறுப்பு, எடுக்கிறதும் என்ட பொறுப்பு."

"எத்தின அற எண்டாலும் பரவால்ல. வளவு இரிக்கணும்."

அவருடைய வசதிக்குக் கொழும்பில் வளவோடு வீடு கிடைக்காது. அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "வந்து பாருங்களன்," என்றேன்.

நான் காட்டியது நாலாம் மாடியில் ஓர் அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. லிப்ட் இல்லை. ராத்தா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். நான் டைல்ஸைத் தடவிக் காட்டினேன். யன்னலை இழுத்துக் காட்டினேன். குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினார். குரோட்டன் இலையை மட்டும் தொட்டுப் பார்த்து, "இதுகளுக்குத் தண்ணி காணாது," என்றார். பிறகு பல்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். உடுப்புக் காயப்போடும் கயிறுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, மதில் ஓரம் ஓர் ஈரப்பலா மரம்.

"கீழ கிடக்கிற இடம் ஆர்ட?"

"எல்லா ஊட்டுக்கும் பங்கிரிக்கி ராத்தா."

"எங்களுக்குமா?"

"ஓம். உறுதியிலயே எழுதியிரிக்கி."

அது பொய்யில்லை. தொடர்மாடியில் வீடு வாங்குகிற எல்லாருக்கும் நிலத்தில் பங்கு உண்டு. அந்த நிலத்தில் தனியாளாக ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது என்பதும் அதே உறுதியில் எழுதியிருக்கிறது. நான் முதலாவதை மட்டும் சொன்னேன்.

கீழே இறங்கியதும் ராத்தா நாங்கள் வந்த வேனில் ஏறாமல் பின்பக்கம் போனார். ஈரப்பலா மரத்தடியில் நின்று மதிலைப் பார்த்தார். பிறகு மதில் ஓரமாக அடிமேல் அடி வைத்து நடந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. பத்தடி போய்த் திரும்பி, மற்றப் பக்கம் எட்டடி நடந்தார். கூட வந்திருந்த அவர் தம்பி தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியும் கிட்டத்தான்," என்றார்.

வேறு ஊர்க்காரன் பார்த்திருந்தால், பாவம், வேனில் இருந்து கால் மரத்துப்போய் நடக்கிறா என்று நினைத்திருப்பான். நான் கல்முனையில் பிறந்தவன். என் தங்கச்சிக்கு வீட்டை எழுதுவதற்கு முந்திய வாரம் என் உம்மாவும் வளவை அப்படித்தான் அளந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'ராத்தா, இதில கட்ட உடமாட்டாங்க' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் அந்த வீடு ஏழு மாதமாக என் கையில் கிடந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்து, "வெயிலாகிட்டு, போவமா?" என்றேன்.

உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு ஆங்கிலத்தில் வாசிக்க வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். ஒரு பந்தியைச் சொல்லாமல் விட்டேன். எந்தப் பந்தி என்று சொல்லத் தேவையில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ராத்தா அந்தச் சோற்றை நம்பிக் கை வைத்தார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு முதற்பந்தியில் இடம் கிடைத்தது. பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்கள். வெட்கமில்லாமல் தின்றேன்.

ஊர் வீட்டை வாங்கியவர் ஓர் அரிசி ஆலைக்காரர். விற்கும்போது ராத்தா ஒன்றே ஒன்று கேட்டார். குசினிக் கதவையும் அதன் நிலையையும் கழற்றி எடுத்துக்கொள்ள விட வேண்டும்.

"தேக்கு. எங்கட உம்மா போட்ட கதவு," என்றார். "கொழும்பில மரமெல்லாம் சரியான வெலயாமே."

ஆலைக்காரர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். லொறி பிடித்துக் கொடுத்தது நான். கதவு, நிலை, ஒரு கட்டு மரச்சலாகை, ஐம்பது அறுபது ஓடு. லொறிக்காரன் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் எறிந்தான். பிடித்து இழுத்தேன்.

"கதவு கீறுப்படாமக் கட்டுங்க தம்பி," என்றார் ராத்தா.

அது எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம். உறுதி எழுதியாகிவிட்டது, கல்யாணம் முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே வக்கீலானேன். முடிச்சை மட்டும் நன்றாகப் போட்டேன்.

பிறகு நடந்ததை அவருடைய தம்பி வந்து சொன்னார். வழியில் சோதனைச் சாவடிகளில் அந்தக் கதவை இரண்டு தரம் இறக்கி ஏற்ற வைத்தார்களாம். தொடர்மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும் காவலாளி வந்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ராத்தாவுக்குச் சிங்களமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மருமகன்தான் நடுவில் நின்று, கூனிக்குறுகி, அவர்கள் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். இவர் சொன்னது ஒன்றுதான். எங்களுக்கும் பங்கு இருக்கிறது, உறுதியில் எழுதியிருக்கிறது. கதவை ஈரப்பலா மரத்தில் சாத்திவைத்துப் பொலித்தீனால் மூடினார்கள்.

வீட்டில் இருந்த ஓர் அறை மகளுக்கும் மருமகனுக்கும். கூடத்தில் மருமகன் இருந்தால் ராத்தா பல்கனிக்குப் போய்விடுவார். மருமகன் நல்ல பிள்ளை, "உள்ளுக்கு வாங்க மாமி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவர் கூப்பிடக் கூப்பிட இவருக்குக் கூச்சம் கூடியிருக்கிறது. நாலு மாதம் பல்கனியில் நின்றும் இருந்தும் கழித்திருக்கிறார். மகள் அழுது மறித்தும் கேளாமல் ஊருக்கு வந்துவிட்டார்.

வந்த மறுநாள் என் கந்தோர்ப் படியேறி வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எனக்கொரு சின்ன இடம் பாருங்க தம்பி. ஒத்த அற போதும். வாடகைக்கு."

"ராத்தா, நான்..." என்று தொடங்கினேன்.

"நீங்க பொய் சொல்லல்லயே. பங்கிரிக்கி எண்டுதான சொன்னீங்க. நான்தான் கூட நெனச்சிட்டன்."

என் சொந்த வளவிலேயே பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. அதைக் கொடுக்க நாக்கு எழவில்லை. கொடுத்தால் ஏன் கொடுக்கிறான் என்று ஊர் கேட்கும், கேட்டால் கதை வெளியே வரும். அவருடைய நிலைக்கு ஏற்ற இடம் என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தது ஒன்றுதான். அவர் விற்ற வீட்டின் பின்வளவுக் குசினி. ஆலைக்காரர் அதைப் பூட்டாமல் போட்டுவைத்திருந்தார். பூட்டுவதற்குக் கதவு இல்லை.

தன் வளவுக்கு வாடகைக்காரியாக வந்தார் ராத்தா. தன் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்கு முதல் வீட்டுக்குள் ஒரு குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அள்ளினார். கதவு இருந்த இடத்தில் ஒரு பன்பாயைத் தொங்கவிட்டிருந்தார். மாரி மழை தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் பாய் உள்ளே வந்து அவர் முதுகில் தட்டியது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான் ஒரு கதவு போட்டுத் தாறன் ராத்தா."

"வாடக ஊட்டுக்குக் கதவு போடுறதெண்டா ஊட்டுக்காரர்ட்டக் கேக்கணும்," என்றார். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நீங்கதான புரோக்கர்."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

முன்பக்கம் போய் ஆலைக்காரரிடம் கேட்டேன். அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"போடுறதெண்டாப் போடுங்க," என்றார். "ஆனா மழ முடியக் குசினிய ஒடைக்கப் போறன். அதில நெல்லு ஸ்டோர் கட்டணும். அந்த மனிசிக்கிட்டயும் சொல்லி வைங்க."

பின்பக்கம் திரும்பி வந்தேன். ராத்தா கையில் விளக்குமாற்றோடு நின்றார். உள்ளே பாயைச் சுருட்டி, பெட்டியை மூலைக்குத் தள்ளி, அடுப்புக்கு மண் பூசியிருந்தார். தன் உம்மா அடுப்பு வைத்திருந்த அதே மூலை.

"என்ன சொன்னாரு?"

"போடச் சொன்னாரு ராத்தா."

"நல்ல மனிசன்," என்றார்.

மறுநாள் தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதுக் கதவு பொருத்தினேன். கந்தோரில் மிஞ்சிக் கிடந்த இளமஞ்சளை என் கையாலேயே அதற்கு அடித்தேன். ராத்தா இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, எனக்கும் தச்சருக்கும் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

மழை முடிந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வேண்டுமென்றேதான் போயிருந்தேன்.