கோட்டுக்கு மேலே நின்ற ஆயில்

அந்த வீட்டில் அவளுக்கு மருந்துக்காரி என்று பெயர். மருத்துவமனையை ஒட்டிய மருந்தகத்தில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள் என்பதால் மட்டும் வந்த பெயரன்று அது. வீட்டு வண்டிக்கு ஊற்றுகிற எதையும் லேபிளின் கடைசி எழுத்துவரை படித்த பிறகே மூடியைத் திறப்பாள் என்பதால், கணவரின் அண்ணன் கிண்டலாக வைத்தது. அவள் கோபப்படவில்லை. கூப்பிட்டால் சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் செய்தவருக்குத்தான் சப்பென்று போயிற்று.

அந்த அண்ணனுக்கும் ஒரு பெயர் உண்டு. பாதி ஆயுளை லாரியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர்; லாரியைவிட்டு இறங்கி வெகுகாலம் ஆன பின்னும் தெருவுக்கெல்லாம் லாரிக்காரர்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய, ஏழு பேர் உட்காரக்கூடிய டீசல் வண்டி வீட்டு வாசலில் நின்றது. அதன் சாவி கதவோரத்து ஆணியில் தொங்கும். யார் எப்போது அந்தச் சாவியை எடுக்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்றை லாரிக்காரர் போட்டிருந்தார்: ஊருக்குள் என்றால் மருந்துக்காரி ஓட்டலாம், ஊர் எல்லையைத் தாண்டினால் அவர் மட்டுமே. அவருக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து எல்லையைத் தாண்டும் வேலையே இல்லாமல் போயிருந்தது. வீட்டுக்கும் மருந்தகத்துக்குமாக அவள்தான் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி அவளுடையது. கூலன்ட், பிரேக் ஆயில், கண்ணாடி கழுவும் நீர், வடித்த தண்ணீர் என்று எல்லாம் அங்கே முகம் காட்டி வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மூடியின் மேலும், திறந்த தேதியை எழுதி ஒட்டியிருப்பாள். திறந்து நாளான பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று, பாதிக்கு மேல் மிச்சமிருந்த பாட்டிலைக்கூட ஒதுக்கிவிடுவாள்.

"இது வண்டியா, வார்டா?" என்பார் லாரிக்காரர். "நர்ஸ் ஒண்ணுதான் குறைச்சல்!"

ஒருமுறை, சிவப்புக் கூலன்ட் இருந்த தொட்டியில் அவர் பச்சைக் கூலன்ட்டை ஊற்றிவிட்டார். ரெண்டும் குளிரத்தானே வைக்குது என்பது அவர் வாதம். ரெண்டு மாத்திரையும் வெள்ளையாத்தானே இருக்குது என்பது அவள் பதில். கலந்தது கூழாகித் திரள்வதற்குள் மெக்கானிக்கை வரவழைத்து, முழுவதையும் வடித்துக் கழுவ வைத்தாள். லாரிக்காரர் அதை மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் வண்டியின் பானெட் திறந்திருந்தது. லாரிக்காரரின் மகளுக்கு மலைமேல் ஓர் ஊரில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. மறுநாள் குடும்பமே போய் அவளைக் குடிவைத்துவிட்டு வர வேண்டும். வெகுநாள் கழித்து நெடும்பயணம் கிடைத்த உற்சாகத்தில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, லாரிக்காரர் கூவினார்.

"ஏம்மா மருந்துக்காரி, இங்க வந்து பாரு! வண்டின்னா இது வண்டி. ஒரு சொட்டு ஆயில் குறையல. கோட்டுக்கு மேலயே நிக்குது!"

"மேலயா? எவ்வளவு மேல?"

"குறைஞ்சா கவலைப்படு. கூடினா சந்தோஷப்பட்டுட்டுப் போயேன்."

அவள் கம்பியை வாங்கிப் பார்த்தாள். முனையில் இரண்டு கோடுகள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியது, மேல்கோட்டைத் தாண்டி விரற்கடை ஏறியிருந்தது. கடைசியாக அவளே பார்த்தபோது சரியான இடத்தில் இருந்த ஆயில் அது.

"மூடின இன்ஜினுக்குள்ள ஆயில் குட்டி போடாது அத்தான். நீங்க ஊத்தினீங்களா?"

"நானா? நான் எதுக்கு ஊத்துறேன்?"

"கூலன்ட்டை மட்டும் எதுக்கு ஊத்தினீங்க? மலை ஏறணும், கெட்டி ஆயில் கொஞ்சம் இருக்கட்டும்னு நினைச்சிருப்பீங்க."

லாரிக்காரர் கொட்டகைக்குப் போனார். லாரிக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய கேனைத் தூக்கி வந்து அவள் காலடியில் 'தொம்'மென்று வைத்தார்.

"சீலைப் பாரு. உங்க கடையில பார்ப்பியே, அந்த மாதிரி நல்லாப் பாரு!"

சீல் உடையவில்லை. அவளுக்குக் காது மடல்கள் சூடாகின.

"தப்புதான் அத்தான். உங்களைச் சொன்னது தப்பு," என்றாள். பிறகு கம்பியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஒரு துளியை வெள்ளைத் துணியில் வைத்தாள். நடுவில் கரும்புள்ளி நிற்க, அதைச் சுற்றி மெலிதாக ஒரு வளையம் அகன்று பரவியது. "ஆனா வண்டி நகராது. இதுல டீசல் கலந்திருக்கு. தண்ணி கலந்த டானிக் மாதிரி. கோட்டைத் தாண்டினா ஓட்டாதேன்னு வண்டியோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கான். இதோட மலை ஏறினா இன்ஜின் போயிடும்."

சொல்லிக்கொண்டே கதவோரத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

பல் துலக்கிக்கொண்டிருந்த கணவர் நுரையோடு எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம்?"

"உன் பொண்டாட்டி வண்டியை அரெஸ்ட் பண்ணிட்டா," என்றார் லாரிக்காரர்.

மெக்கானிக் வந்தான். ஸ்டியரிங்குக்கு அடியில் கையடக்கக் கருவி ஒன்றைச் செருகி, அதில் ஓடிய எழுத்துகளை உதட்டைப் பிதுக்கியபடி படித்தான். மொத்தக் குடும்பமும் சுற்றி நின்றது.

"வண்டியை யாரு ஓட்டுறது?"

"நான்தான்," என்றாள் மருந்துக்காரி.

"எங்க வரைக்கும்?"

"மருந்தகம் வரைக்கும். சாயங்காலம் திரும்பி வீட்டுக்கு."

"தினமும் அவ்வளவுதானா? ஒரு நாளாவது ஹைவேல நீளமா விட்டிருப்பீங்களே?"

"இல்ல."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "அதாங்க விஷயம். புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்க இதுல ஒரு வடிகட்டி இருக்கு. அது நிரம்பினா, வண்டியே கூடுதலா டீசல் விட்டுச் சூடேத்தி அந்தக் கரியை எரிச்சுக்கும். ஆனா நிக்காம ஓடணும். நீங்க அது பத்த ஆரம்பிக்கும்போதே ஆஃப் பண்ணிடுறீங்க. எரியாத டீசல் எங்க போகும்? ஆயில்ல இறங்கிடும். நிறுத்தின பிறகும் ஃபேன் சுத்திக்கிட்டே இருந்திருக்குமே, கேட்டதில்லையா?"

கேட்டிருக்கிறாள். மருந்தகத்து வாசலில் சாவியைத் திருகி எடுத்த பின்னும், பானெட்டுக்குள் மின்விசிறி பல நாள் இரைந்திருக்கிறது. வேலைக்கு நேரமாயிற்று என்று அதைக் கடந்து உள்ளே போயிருக்கிறாள். லேபிள் ஒட்டாத சத்தத்தை அவள் படிக்கவில்லை.

லாரிக்காரர் இரு கைகளையும் தட்டினார். "ஆக, நோயைக் கொடுத்ததே டாக்டரம்மாதான்! நான் ஊத்தினேனாம். எம்மேல பழி! கொடும்மா சாவியை. இனிமே இந்த வண்டியை நீ தொட வேண்டாம். வேலைக்கு பஸ்ல போ."

கணவர் தம் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரரின் மனைவி புடவைத் தலைப்பைத் திருகினாள். குற்றம் தன்னுடையது என்பது மருந்துக்காரிக்குப் புரிந்தது. இன்னொன்றும் அதே தெளிவோடு புரிந்தது: இப்போது இந்தச் சாவி ஆணிக்குத் திரும்பினால், மறுபடி தன் கைக்கு வரவே வராது. யாரையும் கேட்காமல் கிளம்பி, யாரையும் கேட்காமல் திரும்பிய அந்தக் கொஞ்ச தூரமும் அதோடு போய்விடும்.

கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"ஓட்டினது நான். ஒத்துக்கிறேன் அத்தான். ஆனா ஹைவே ஆம்பளை ரோடு, நீ ஊருக்குள்ளயே சுத்திக்கோன்னு சொன்னது யாரு? வாங்கின நாள்லேருந்து எனக்குக் குட்டை ரோட்டைத்தானே கொடுத்தீங்க? வண்டிக்கு நீள ரோடு வேணுமாம். எனக்கும் அதான் வேணும். சாவி தர மாட்டேன்."

"பாத்தியாடா தம்பி, பேச்சை?"

தம்பி தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் சமாதானத்துக்கு வந்தான். "பழசை வடிச்சிடுறேன். பெரியவரோட கேன் சீல்கூட உடைக்காம நிக்குதே, அதையே ஊத்திடவா?"

"கூடாது," என்றாள்.

"ஏன் கூடாது?" லாரிக்காரர் கேனைத் தட்டினார். "ஆயில்னா விரல்ல பிடிச்சா ஒட்டணும். இதை ஊத்தித்தான் நான் பாலைவனமும் பார்த்தேன், பனியும் பார்த்தேன்!"

"உங்க லாரிக்கு அது நல்ல மருந்து. இதுக்கு ஆகாது. அது எரிஞ்சா சாம்பல் அதிகம். கரியை வடிகட்டி எரிச்சுத் தீர்த்துடும். சாம்பலை எரிக்க முடியாது. அப்படியே அடைச்சுக்கிட்டு நிக்கும். புத்தகத்துல 5டபிள்யூ-30, சாம்பல் குறைச்சலான சி3ன்னு போட்டிருக்கு. அதுதான் உள்ள போகும். நான் வாங்கிட்டு வரேன்."

கணவரின் இருசக்கர வாகனத்தில், அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து போனாள். வழியெல்லாம் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "அண்ணன் நாளைக்குப் பேச மாட்டாரே." அவளும் ஒன்றுதான் சொன்னாள்: "பேசாம வந்தா பயணம் நல்லா இருக்கும்."

உதிரிபாகக் கடைக்காரர், ஓடும் காரின் படம் போட்ட பளபளப்பான கேனை எடுத்து மேசையில் வைத்தார். அவள் அதைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள்.

"5டபிள்யூ-30 சரி. சி3 எங்க?"

"எல்லாம் ஒண்ணுதான் மேடம்."

"ஒண்ணுன்னா ஏன் வேற வேற எழுதுறான்? இது ஆயிலோட கெட்டித்தன்மையைத்தான் சொல்லுது. சாம்பல் குறைச்சல்னு எங்கயும் சொல்லல."

கடைக்காரர் அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். "வீட்ல சார் யாரும் வரலையா?"

"வந்திருக்காரு. வெளியில நிக்கிறாரு. வேணும்னா வண்டியைப் பிடிச்சுக்கறது எப்படின்னு அவர்கிட்ட கேளுங்க. ஆயிலை என்கிட்ட பேசுங்க."

கடைக்காரர் ஏணி போட்டு ஏறினார். மேல்தட்டின் மூலையிலிருந்து, தூசி படிந்த வேறொரு கேனை இறக்கினார். அவள் கைக்குட்டையால் துடைத்து, சி3 என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்த பிறகே, அதற்கான ஆயில் ஃபில்டரையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள்.

வீட்டில் வடிகால் திருகைக் கழற்றியதும் பழைய ஆயில் ஒழுகவில்லை. தண்ணீர்போல் சளசளவென்று கொட்டியது. லாரிக்காரர் முழங்கால் வலியோடு குனிந்து, அதை இரு விரல்களுக்கிடையே தேய்த்தார். ஒட்டவில்லை. முகர்ந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். புது ஆயில் இறங்கும்போது மட்டும், "இதுவும் தண்ணியாத்தான் இருக்கு," என்று தமக்குள் முனகினார். அவள் கொஞ்சம் ஊற்றி, நிறுத்தி, கம்பியை விட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம் ஊற்றினாள். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்ததும் மூடியைத் திருகினாள்.

இன்ஜினைக் கிளப்பியதும், அதுவரை வராத மஞ்சள் விளக்கு ஒன்று முன்னால் எரிந்தது. "வடிகட்டி நிரம்பியிருக்கு," என்றான் மெக்கானிக். "பயப்படாதீங்க. ஹைவேல ஒரே சீரா, நிறுத்தாம ஓட்டுங்க. எரிச்சு முடிச்சதும் தானா அணையும். நடுவுல மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டைகளெல்லாம் ஏறிய பின் லாரிக்காரர் வாசலுக்கு வந்தார். ஓட்டுநர் இருக்கையில் மருந்துக்காரி உட்கார்ந்திருந்தாள். அவர் கதவைத் திறந்தார்.

"இறங்கு."

"மாட்டேன்."

"மலை ரோடும்மா அது. விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடல. நான் கெடுத்ததை நானே ஓட்டிச் சரிபண்றேன். மலையும் நான்தான்."

பின்னிருக்கையிலிருந்து அவர் மகள் தலையை நீட்டினாள். "அப்பா, சித்தியே ஓட்டட்டும். நீங்க ஓட்டினா டீக்கடைக்கு டீக்கடை நிப்பீங்க. எனக்கு நாளைக்கு வேலையில சேரணும்."

பெற்ற மகளே கட்சி மாறியதும் லாரிக்காரர் கதவை அறைந்து சாத்தினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, முன்னிருக்கையில் அவள் பக்கத்தில் ஏறினார். ஊர் எல்லை வரைக்கும், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். லாரி எதிரில் வந்தால் மூச்சை இழுத்தார். அவள் வளைவில் கியரைக் குறைத்தபோது, குறை கண்டுபிடிக்கத் திறந்த வாய், ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டது.

எல்லைக் கல்லைத் தாண்டியதும் சாலை அகன்று நேரானது. அவள் காலை அழுத்தி, இன்ஜினின் குரலை ஒரே சுருதியில் நிறுத்தினாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லேசாகச் சூட்டு வாசனை வந்தது.

தூரத்தில் தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று தெரிந்தது.

"நிறுத்து," என்றார் லாரிக்காரர். "டீ குடிக்காம நான் இந்தக் கடையைத் தாண்டினதே இல்ல."

"இன்னைக்குத் தாண்டுறீங்க."

"ஏம்மா, ஒரு டீம்மா!"

"எரிஞ்சு முடியட்டும் அத்தான். நடுவுல நிறுத்தினா மறுபடி டீசல் ஆயிலுக்குத்தான் போகும். போன தடவை நான் நிறுத்தினேன், நீங்க கை தட்டினீங்க."

கடை நெருங்கியது. வாசலில் நின்ற கடைக்காரர் பழைய முகத்தை அடையாளம் கண்டு கையை உயர்த்தினார். லாரிக்காரர் பாதிக் கையைத் தூக்குவதற்குள் கடை பின்னால் போய்விட்டது. அவர் கழுத்தைத் திருப்பி, அது புள்ளியாகும்வரை பார்த்தார். பின்னிருக்கையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் லாரிக்காரர் குனிந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த விளக்கை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் எரியுதா?"

"எரியுது."

"அப்ப ஏன் தடவிக்கிட்டே போற? இன்னும் கொஞ்சம் மிதி."

"எப்ப மிதிக்கணும்னு எனக்குத் தெரியும்," என்றாள் மருந்துக்காரி. முன்னால் மலை நீலமாக எழுந்திருந்தது. அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், தன் கணக்குப்படி மிதித்தாள்.