எதுக்கும் அக்கா

அக்கா தோள்பையைக் கழற்றாமலேயே கணினியைத் திறந்து, நின்றபடி படிக்கிறார். நாற்காலி பின்னால்தான் இருக்கிறது, உட்காரமாட்டார். காலை ஒன்பது மணிக்கு வரும் அந்த மின்னஞ்சலில், இணையதளம் கட்டுகிறவர்களுக்கான அன்றைய செய்திகள் இருக்கும். எந்த உலாவி புதுப் பதிப்பு விட்டது, எந்தக் கருவியைக் கைவிட்டார்கள், வாயால் சொன்னாலே பக்கத்தை வரைந்து தரும் புதுச் சரக்கு எது. மற்றவர்கள் அதைத் தேநீரோடு படிப்பார்கள். இவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பிரித்துப் பார்ப்பதுபோல் படிப்பார். கடைசி வரிக்கு வந்து, "இன்னிக்கு ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொன்ன பிறகுதான் பை இறங்கும்.

மூன்றாம் மாடியில் நானும் அவரும் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். நான் புத்தக அட்டை வடிவமைக்கிறவன். அவர் பதினாறு வருடமாக இணையதளம் கட்டுகிறவர். கட்டடத்தில் அவருக்குப் பெயர் 'எதுக்கும் அக்கா'. "எதுக்கும் இன்னொரு காப்பி எடுத்து வச்சுக்குங்க." "எதுக்கும் பாஸ்வேர்டை மாத்திடுங்க." லிஃப்ட் பக்கமே போகமாட்டார்: "எதுக்கும் படியிலயே போயிடலாம் தம்பி." அவர் மகள் ஒருநாள் சொன்னாளாம், "அம்மா, நீ மூச்சு விடறதுக்கு முன்னாடியும் எதுக்கும் ஒருவாட்டி செக் பண்ணிப்ப போல." இதை என்னிடம் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றது. ஏதோ சர்வர் நினைவு வந்திருக்கும்.

புதுக் கருவிகள் நம் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடுமோ என்று ஒருமுறை கேட்டேன்.

"போடும். ஆனா என் பயம் அது இல்ல. நாம கட்டுற ஒரு பக்கத்துல யார் யாரோ எழுதின முந்நூறு நிரல்துண்டு இருக்கு தம்பி. மாவை நாம பிசையுறோம். அரைச்சவன் யாருன்னு தெரியாது."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பை இறங்கவில்லை.

படிவத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்க உதவும் சின்ன நிரல்துண்டு ஒன்று. ஆயிரக்கணக்கான தளங்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்துவது. அதைப் பராமரிப்பவரின் கடவுச்சொல்லை யாரோ திருடி, புதுப் பதிப்பு என்ற பெயரில் கள்ள வரிகளை உள்ளே நுழைத்திருந்தார்கள். படிவத்தில் யார் எதைத் தட்டினாலும் அது திருடனுக்கும் போய்ச் சேரும். அக்கா பார்த்துக்கொள்ளும் ஒரு டயாலிசிஸ் மையத்தின் முன்பதிவுப் பக்கத்தில் அந்தத் துண்டு இருந்தது. வெள்ளிக்கிழமைதான் அவரே புதுப் பதிப்பை ஏற்றியிருந்தார், எதுக்கும் புதுசாவே இருக்கட்டும் என்று.

"நானே கதவத் தெறந்து விட்டிருக்கேன் தம்பி." முகத்தில் ஈயாடவில்லை.

முதலில் பக்கத்தை மூடினார். பிறகு பதிவுகளைப் பார்த்தார். அந்த ஐந்து நாளில் படிவம் நிரப்பியவர்கள் அறுபத்து மூன்று பேர். பெயர், தொலைபேசி எண், எந்த நாள் எத்தனை மணிக்கு முறை, எல்லாம் போயிருக்கும்.

போன வருடமும் இப்படியொரு செய்தியைப் படித்து அரை நாள் அந்தத் தளத்தை மூடிவைத்தார். கடைசியில் ஒன்றுமே இல்லை. மையத்தின் மேலாளர் அன்றைக்கு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்மா" என்றார். தானாகவே தளம் கட்டித்தரும் கருவி ஒன்றைப் பற்றி விசாரிக்கவும் தொடங்கியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான், இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, நான் அதைச் சொன்னேன்.

"கெட்டதை எடுத்துட்டு நல்லதை மாட்டிடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "எவனாவது அவங்களுக்குப் போன் போட்டு, மையத்துலேருந்து பேசுறோம், உடனே பணம் கட்டுங்க, இல்லேன்னா நாளைக்கு முறை கிடையாதுன்னு சொன்னா? கட்ட முடியாத ஆளு வீட்லயே இருந்துடுவாரு. ரெண்டு நாள் தள்ளினா உடம்பு பூரா தண்ணி ஏறிடும்."

மேலாளரை அழைத்தார். "என் கையாலதான் சார் உள்ள வந்துச்சு." மறுமுனையின் கத்தல் எனக்கே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து அகற்றவில்லை. வைத்துவிட்டு, "ஆளுங்களுக்கு நீயே சொல்லித் தொலைங்கிறாரு" என்றார்.

முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தார். சிலர் வைதார்கள். ஒருவர், "நீயே அந்தத் திருடி இல்லேன்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார். "நம்பாதீங்க சார். மையத்து வாசல்ல எழுதியிருக்கிற நம்பருக்கு நீங்களே போட்டுக் கேளுங்க."

நாற்பத்தோராவது எண்ணை ஒரு வயதான பெண் எடுத்தார். "காலைலயே ஒருத்தன் பேசிட்டானேம்மா. கட்டலேன்னா நாளைக்கு வராதேன்னான். எங்கிட்ட ஏது? சரி, போகவேணாம்னு இருந்துட்டேன்."

அக்கா தாளைக் கீழே வைத்தார். தாளில் இல்லாததைச் சொல்ல வேண்டியிருந்தது. "அவன் பொய் சொல்லியிருக்கான்மா. உங்க முறை அப்படியே இருக்கு. நாளைக்கு வாங்க. நானே வாசல்ல நிக்கிறேன்."

மறுநாள் ஏழு மணிக்கே போய் நின்றிருக்கிறார். எட்டேகாலுக்கு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "வந்துட்டாங்க."

தளம் கைமாறிவிட்டது. மேலாளர் அந்தக் கருவியையே வைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டார். "அது எந்தெந்தத் துண்டை எடுத்துக் கோக்குதுன்னு யாராவது பாக்கறாங்களா தம்பி?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

தன் எண்ணிலிருந்தே எல்லோரையும் அழைத்ததால், சந்தேகம் வந்தால் நோயாளிகள் இன்றும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எண்ணை மாற்றிவிடுங்கள் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று மதியம் மேஜைமேல் போன் அதிர்ந்தது. யாரென்று தெரியாத எண். அவர் தோள் தூக்கிப்போட்டது. வியர்த்த உள்ளங்கையை முழங்கால்மேல் அழுத்தித் துடைத்துக்கொண்டு, இரண்டாவது முறை அதிர்வதற்குள் எடுத்தார்.