சிலுவையடி மெழுகு

பௌதிக மாற்றத்துக்கு ஓர் உதாரணமும் இரசாயன மாற்றத்துக்கு ஓர் உதாரணமும் தருக என்று கேட்டால், எங்கள் வகுப்பில் எல்லோரும் மெழுகுதிரியையே எழுதினோம். ஒரே பொருளில் இரண்டும் கிடைக்கும்போது இன்னொன்றைத் தேடி யார் மண்டையை உடைப்பது? மெழுகு உருகுவது பௌதிக மாற்றம். ஆறினால் திரும்பவும் மெழுகாகிவிடும். எரிவது இரசாயன மாற்றம். எரிந்த மெழுகு காற்றோடு போய்விடும், திரும்பாது. விஞ்ஞான ரீச்சர் என் விடைக்குப் பெரிய சரி போட்டுத் தந்தார். அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். எல்லோரும் என்றால் அம்மாவும், அடுத்த வளவில் இருந்த மாமியும், மாமியின் மகனான என் மச்சானும்தான்.

அப்பா இல்லை. கொழும்புத்துறையிலிருந்து ஒருநாள் கடல் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் கரையொதுங்கியது. வலை அப்படியே கிடந்ததாம். நான் அப்போது மிகச் சின்னவள்.

மாமி அப்பாவின் அக்கா. தம்பி போய்விட்டான் என்று அவர் அந்த வருஷமே அழுது தீர்த்துவிட்டார். நவம்பரில் இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் நாளில் சேமக்காலைக்குப் போய், கல்லறைகளுக்கு நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் அப்பாவுக்காக ஒரு திரி கொளுத்துவார். கல்லறை இல்லாதவர்களுக்கெல்லாம் அந்தச் சிலுவையடிதான். அம்மாவோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போய்த் திரி கொளுத்துவார். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். சந்திக் கடையில் இருவரும் வாங்குவது ஒரே மாதிரித் திரிதான். ஒன்று இறந்தவருக்கு, மற்றது வரப்போகிறவருக்கு. வருஷம் முழுவதும் வேலிக்கு மேலால் கறி மாற்றிக்கொள்ளும் இரண்டு பேரும், நவம்பர் பிறந்தால் ஆளையாள் பார்க்கமாட்டார்கள்.

எனக்கு இதில் வேறொரு கவலை இருந்தது. சேமக்காலைக்கு வரும் சிறுவர்கள் வழிந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடிப்பார்கள். அவரவர் வீட்டுத் திரியில்தான் சுரண்டலாம் என்பது சட்டம். அப்பாவுடைய திரி எனக்குத்தானே சொந்தம் என்று மச்சானிடம் வாதாடிப் பார்த்தேன்.

"மாமாவுக்கெண்டாலும் கொளுத்தினது எங்கடை அம்மா" என்றான். அவன் பிறகு வழக்கறிஞர் ஆனதில் எனக்கு வியப்பே இல்லை.

அந்த வருஷமும் ஆத்துமாக்கள் நாள் வந்தது. பின்னேரம் மாமி எங்கள் படலையைக் கடந்து போகும்போது, அம்மா முற்றத்தில் நின்று கூப்பிட்டார்.

"மச்சாள், நில்லுங்கோ. நானும் வாறன்."

மாமி திரும்பி அம்மாவின் கையிலிருந்த மெழுகுதிரியைப் பார்த்தார். கிட்ட வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சேமக்காலை வரைக்கும் இருவரும் அப்படியே நடந்தார்கள். எங்களுக்கும் ஒரு திரி என்ற சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

சிலுவையடியில் நல்ல காற்று. அம்மா நெருப்புக்குச்சியை உரசுவார். அது உடனே அணைந்துபோகும். கடைசியில் மாமி எரிந்துகொண்டிருந்த தன் திரியைச் சரித்து அம்மாவின் திரியைப் பற்றவைத்தார். சுடர் பிடித்ததும் அம்மா குரலெடுத்து அழுதார். மாமியும் அழுதார். அப்பா இனி வரமாட்டார் என்று அம்மா அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். அது எனக்கு எங்கே தெரிந்தது? காற்றுக்குத் திரி ஒருபக்கமாய் வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று நிறைய மெழுகு கிடைக்கும் என்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அந்த மெழுகை நான் உருண்டை பிடிக்கவில்லை. படித்ததைச் செய்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பப்பாசி இலைத் தண்டு ஒன்றை வெட்டி, அடியைக் களிமண்ணால் அடைத்து, நடுவில் நூலை விட்டு, பழைய பால்ரின்னில் மெழுகை உருக்கி ஊற்றினேன். ஆறிய பிறகு தண்டைக் கிழித்தால் உள்ளே அசல் மெழுகுதிரி! ஒரேயொரு குறைதான். அம்மா வாங்கிய திரி பெரியது. இது என் சுண்டுவிரல் அளவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது. பின்னேரமாகியும் அம்மா கோயிலுக்குப் புறப்படவில்லை. குசினிக்குப் பின்னால் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். திரி வாங்க மறந்துவிட்டார் போலும் என்று நினைத்து என்னுடையதை நீட்டினேன்.

"அம்மா, அந்தோனியாருக்கு இதைக் கொளுத்துவம். அப்பாவின்ரை திரிதான். சேமக்காலையிலை உருகினதை நான் திருப்பிச் செய்தனான்."

அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சம் எங்கை பிள்ளை?"

பெரிய சரி வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா? மூச்சு விடாமல் சொன்னேன்.

"உருகினதுதான் திரும்பி வரும் அம்மா. எரிஞ்சது வராது."

"ஓம் பிள்ளை, வராது" என்று அம்மா சொன்னார். பிறகு மீன் வெடுக்கோடு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அன்று அவர் கோயிலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்தச் செவ்வாயும் போகவில்லை.

நான் சொன்ன விடையில்தான் ஏதோ பிழை என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாக ரீச்சரிடம் கேட்டேன். விடை சரிதான் என்றார்.